நாயோடு ஆர்.வி. பயணம்: பிளாக் ஹில்ஸ், யெல்லோஸ்டோன், டீட்டான். எங்கே தங்குவது, எதைத் தவிர்ப்பது?

டென்வர்கதிர்

வணக்கம் மக்களே. ஜூன் கடைசியில் டென்வரிலிருந்து கிளம்பலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அப்புறம் பட்டாசு. பட்டாசு எங்கள் நாய். லேப்ரடார் கலப்பு, முப்பது கிலோ. பெயர்தான் பட்டாசு, வெடிச்சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். தண்ணீரைக் கண்டால் மட்டும் யார் சொன்னாலும் நிற்காது.

28 அடி கிளாஸ் சி ஆர்.வி. (படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள நடுத்தர வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்தாகிவிட்டது. வழி இப்படி: தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் மலையில் கஸ்டர் ஸ்டேட் பார்க், அங்கிருந்து வயோமிங்கில் கோடி ஊர், கிழக்கு வாயில் வழியாக யெல்லோஸ்டோன், பிறகு கிராண்ட் டீட்டான், திரும்ப டென்வர். கேள்விகள்:

நாயை எந்தப் பாதையில் நடத்திக் கூட்டிப் போகலாம்? ஓல்டு ஃபெய்த்ஃபுல் கீசர் (வெந்நீர் பீறிடும் ஊற்று) பார்க்கப் போகும்போது ஏ.சி.யைப் போட்டுவிட்டு அதை ஆர்.வி.யிலேயே விட்டுப் போகலாமா? கரடி இருக்கும் இடத்தில் நாயோடு முகாம் போடுவது சரியா? ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறார்கள், தலை சுற்றுகிறது.

சக்கரவீடு

தம்பி, ஒன்றை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தேசியப் பூங்காவில் 'நாய்க்கு அனுமதி உண்டு' என்று எழுதியிருந்தால், பெரும்பாலான இடங்களில் அதற்கு அர்த்தம் 'கார் போகும் இடம்வரை நாயும் வரலாம்' என்பதுதான். யெல்லோஸ்டோனில் சாலை, வாகன நிறுத்தம், முகாம் இவற்றிலிருந்து 100 அடிக்குள் மட்டும்தான் நாய் இருக்கலாம், அதுவும் 6 அடிக்கு மேற்படாத லீஷில் (நாயைப் பிடிக்கும் கயிறு). நடைபாதைகள், வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிப் போட்டிருக்கும் மரப்பலகைப் பாதைகள், உள்காடு எதிலும் அனுமதி இல்லை. டீட்டானில் இன்னும் கறார், சாலையிலிருந்து 30 அடி. சைக்கிள் ஓட்டும் தார்ப்பாதையில்கூடக் கூட்டிப் போக முடியாது. லீஷை மரத்தில் கட்டிவிட்டு நாம் எங்கேயாவது போவதும் தவறு.

ஆகவே நான் எப்போதும் சொல்வது இதுதான்: புகழ்பெற்ற பூங்காவுக்குள் நாயை 'சுற்றிக் காட்ட' நினைக்காதீர்கள். பூங்காவை ஒட்டியே தேசியக் காடுகள் இருக்கின்றன. பெரும்பாலும் அதே மலை, அதே ஆறு, அதே மிருகங்கள்தான். ஆனால் அதை நடத்துவது வேறு துறை, விதிகள் தளர்வு. முகாம்களில் லீஷ் கட்டாயம், பாதைகளில் நாய் வரலாம். யெல்லோஸ்டோனுக்குக் கிழக்கே ஷொஷோனி தேசியக் காடு, வடக்கிலும் மேற்கிலும் கஸ்டர் கலாட்டின், டீட்டானைச் சுற்றி பிரிட்ஜர் டீட்டான். பட்டாசு நடக்க வேண்டிய நடை எல்லாம் இங்கே. பூங்காவுக்குள் நாம் பார்ப்போம், அது வண்டியில் தூங்கட்டும்.

உங்கள் வழியில் நாய்க்கு மிகவும் பிடிக்கப்போவது கஸ்டர் ஸ்டேட் பார்க்தான். அது மாநிலப் பூங்கா, பெரும்பாலான பாதைகளில் லீஷோடு நாய் வரலாம், நீச்சல் கரைகளில் மட்டும் கூடாது. ஒன்று, தேசியப் பூங்காக்களுக்கான வருடாந்திர பாஸ் அங்கே செல்லாது, தனி நுழைவுக்கட்டணம். பிளாக் எல்க் சிகரம் 7,242 அடி, அந்த மாநிலத்திலேயே உயரமானது, அதன் உச்சிவரை நாயோடு ஏறலாம். அப்பாவுக்கு ஏற்றம் ஒத்துவராது என்றால் மிக்கெல்சன் டிரெயில் இருக்கிறது. பழைய ரயில் தடத்தை 109 மைலுக்கு நடைபாதையாக மாற்றியிருக்கிறார்கள். கஸ்டர் ஊரிலேயே அதில் ஏறிக்கொள்ளலாம், பெரும்பாலும் சமதளம், அவர் பாட்டுக்கு நாயோடு நடக்கட்டும். அதற்கும் ஒரு சின்னக் கட்டணம் உண்டு.

மவுண்ட் ரஷ்மோருக்கு நாயை இறக்காதீர்கள், நிறுத்துமிடத்தைத் தாண்டி விடமாட்டார்கள்.

ஊர்சுற்றாதவன்

கோபித்துக்கொள்ள வேண்டாம். நாய்க்கு இந்தப் பயணத்தால் என்ன லாபம்? யெல்லோஸ்டோனில் 100 அடி, டீட்டானில் 30 அடி, மீதி நேரம் வண்டிக்குள் கூண்டு. அதைத் தெரிந்த ஒரு காப்பகத்தில் விட்டுவிட்டு நிம்மதியாகப் போய்வரலாமே. ஓநாய் இருக்கும் காட்டில், புது வாசனையில், இரவெல்லாம் குரைத்து பக்கத்து முகாம்காரனின் தூக்கத்தையும் கெடுக்கும். நாயைக் கூட்டிப் போவது நாய்க்காகவா, நம் போட்டோவுக்காகவா?

டென்வர்கதிர்

நியாயமான கேள்விதான். ஆனால் பட்டாசைப் போன வருடம் காப்பகத்தில் விட்டபோது சாப்பிடாமலே கிடந்தது. வீட்டு ஆட்கள் கூட இருந்தால் எந்தப் பெட்டிக்குள்ளும் படுத்துக்கொள்ளும். ஆகவே கூட்டிப் போவது என்பது முடிவு. எப்படி என்பதுதான் கேள்வி.

சக்கரவீடு

ஊர்சுற்றாதவன் சொல்வதில் பாதி சரி. நாய் குரைக்கும் இனம், பதற்றப்படும் வயது என்றால் வீட்டில் விடுவதே மேல். ஆனால் ஆர்.வி. என்பது ஹோட்டல் மாதிரி தினம் மாறும் அறை இல்லை. அதே படுக்கை, அதே கிண்ணம், அதே வாசனை கூடவே வருகிறது. கிளம்புவதற்கு முன் வண்டியை ஓரிரு இரவு வீட்டு வாசலில் நிறுத்தி நாயோடு அதிலேயே படுத்துப் பாருங்கள். ஜெனரேட்டர் சத்தமும் தண்ணீர் பம்ப் சத்தமும் அங்கேயே பழகிவிடும்.

விலங்கு டாக்டர்

தண்ணீரைக் கண்டால் நிற்காது என்று எழுதியிருக்கிறீர்கள். கரடியைவிட எனக்கு அதுதான் பயம்.

யெல்லோஸ்டோனில் வெந்நீர்க் குட்டைகள் பார்க்கச் சாதாரணக் குளம் போலத்தான் நீலமாக, தெளிவாக இருக்கும். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும், பல ஊற்றுகள் கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான் இருக்கின்றன. லேப்ரடாருக்கு அது தெரியாது. 1981-இல் செலஸ்டைன் குட்டையில் ஒரு நாய் குதித்தது, அதைக் காப்பாற்றத் தலைகீழாகப் பாய்ந்த இளைஞர் மறுநாள் இறந்துபோனார். நாயும் பிழைக்கவில்லை. பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2021 அக்டோபரில் ஃபயர்ஹோல் ஆற்றுப் பக்கம் மெய்டன்ஸ் கிரேவ் ஊற்றில் இதேபோல நடந்தது. காரிலிருந்து இறங்கிய நாய் நேராக ஊற்றுக்குள் போனது, பின்னாலேயே போன 20 வயதுப் பெண்ணுக்குத் தோளிலிருந்து பாதம்வரை தீக்காயம். இரண்டு சம்பவத்திலும் நாய் காரிலிருந்து வெளியே வந்த அந்தச் சில நொடிதான் பிரச்சினை. ஆகவே லீஷை மாட்டிய பிறகு கதவைத் திறங்கள், திறந்த பிறகு மாட்டாதீர்கள். மகளுக்கும் இதை இப்போதே சொல்லிப் பழக்குங்கள். நாய் உள்ளே போய்விட்டால் பின்னால் போகக்கூடாது என்பதையும், கஷ்டமாக இருந்தாலும், சொல்லிவிடுங்கள்.

அடுத்தது வெயில். வெளியே 70 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது நமக்கு இதமான 21 டிகிரி. அந்த நாளில்கூட மூடிய கார் அரை மணி நேரத்தில் 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டுவிடும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் போதும் என்பது வெறும் நம்பிக்கை.

தடுப்பூசி: ரேபிஸ் சான்றிதழ் காகிதமாகக் கையில் இருக்கட்டும், பல ஆர்.வி. பார்க்குகளில் (வண்டியை நிறுத்தித் தங்கும் முகாம்கள்) கேட்பார்கள், போனில் காட்ட அங்கே சிக்னல் இருக்காது. லெப்டோஸ்பைரோசிஸ் ஊசி போட்டிருக்கிறதா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். காட்டு மிருகங்களின் சிறுநீர் கலந்த தேங்குநீரிலிருந்து வரும் நோய் அது. உண்ணி, தெள்ளு இரண்டுக்கும் மருந்து கிளம்பும் முன்பே கொடுத்துவிட வேண்டும். பேட்லாண்ட்ஸ் பக்கம் போனால் ப்ரெய்ரி டாக் (அணில் போன்ற வளைவாழ் பிராணி) வளைகளை முகர விடாதீர்கள், அந்தத் தெள்ளுகள் பிளேக் பரப்பக்கூடியவை. பிளேக் இன்னும் இருக்கிறதா என்று கேட்பீர்கள், இருக்கிறது.

ஏரியில் பச்சைப் பெயின்ட் கொட்டியது போல ஏடு மிதந்தால் அந்தப் பக்கமே போகக்கூடாது. அது பாசி இல்லை, சயனோபாக்டீரியா என்ற நச்சு நுண்ணுயிர். 2020-இல் யூட்டா மாநிலத்தின் சயான் தேசியப் பூங்காவில் வர்ஜின் ஆற்றில் விளையாடிய ஒரு நாய்க்குட்டி இதனால்தான் இறந்தது, அங்கே அது ஆற்றின் அடியில் கல்லில் ஒட்டியிருந்தது, மேலே ஒன்றும் தெரியவில்லை. ஆற்றுநீர் குடிக்க விடாமல் வண்டித் தண்ணீரையே கிண்ணத்தில் ஊற்றுங்கள்.

ஆம்பியர் ஆறுமுகம்

ஏ.சி. கேள்விக்கு யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. ஆர்.வி.யில் ஏ.சி. ஓடுகிறது என்பதும் நாய் பத்திரமாக இருக்கிறது என்பதும் ஒன்றல்ல.

28 அடி கிளாஸ் சி என்றால் அநேகமாக 30 ஆம்ப் வண்டி, அதாவது மொத்தமே அவ்வளவு மின்சாரம்தான் இழுக்கலாம். கூரையில் இருக்கும் 13,500 பி.டி.யு. ஏ.சி. ஓடும்போது அதிலேயே பாதி போய்விடும். மீதியில் மைக்ரோவேவும் வாட்டர் ஹீட்டரும் ஒன்றாக ஓடினால் பிரேக்கர் விழும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் தூக்கிவிடுவீர்கள். நீங்கள் மலையில், நாய் வண்டியில் என்றால்?

இதைவிட அதிகம் நடப்பது வேறு. பிற்பகல் வெயிலில் ஆர்.வி. பார்க் முழுக்க எல்லாரும் ஏ.சி. போடும்போது வோல்டேஜ் இறங்கும். 104 வோல்ட்டுக்குக் கீழே போனால் நல்ல சர்ஜ் பாதுகாப்புப் பெட்டி மின்சாரத்தையே துண்டித்துவிடும், மோட்டாரைக் காப்பாற்ற அதுதான் அதன் வேலை. ஏ.சி. பிழைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் நாய்? நாங்கள் தங்கிய ஒரு பார்க்கில் ஒரு வரிசைக்கே மின்சாரம் போனது, அலுவலகத்தில் சொல்ல ஆளில்லை, பக்கத்து வண்டிக்காரர்கள் கதவைத் தட்டித் தட்டி எங்கெல்லாம் நாய் இருக்கிறது என்று பார்த்தார்கள்.

ஆகவே சொந்தமாக சிம் இருக்கும் வெப்பநிலைக் கண்காணிப்புக் கருவி ஒன்று வாங்குங்கள். வைஃபையில் ஓடுவது வேண்டாம், மின்சாரம் போனால் ரவுட்டரும் போய்விடும். வரம்பு 80 டிகிரி ஃபாரன்ஹீட் என்று வையுங்கள், செய்தி வந்தால் இருபது நிமிடத்தில் திரும்பக்கூடிய தூரத்தில் மட்டும் இருங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் அந்தக் கருவி வெறும் பொம்மை, யெல்லோஸ்டோனில் பெரும்பகுதி அப்படித்தான்.

ஆனால் உங்களுக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. யெல்லோஸ்டோன் உயரத்தில் இருக்கிறது, அதற்குள் இருக்கும் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாம் சுமார் 7,800 அடி. ஜூலையிலும் பகல் 70-களில், இரவு உறைநிலைக்குப் பக்கத்தில். ஏ.சி.யே வேண்டியிருக்காது, நிழலில் நிறுத்தி கூரை விசிறியைப் போட்டால் சமாளிக்கலாம். ஆபத்து கஸ்டரிலும் கோடியிலும்தான், அங்கே 90-ஐத் தொடும் நாட்கள் உண்டு. அதாவது வெயில் ஊரில் நாயைத் தனியாக விடாதீர்கள், மலையில் கொஞ்ச நேரம் விடலாம். இன்னொன்று, உயரம் போகப் போக ஜெனரேட்டரின் பலம் குறையும், ஆயிரம் அடிக்கு மூன்று, மூன்றரை சதவீதம் என்று கணக்கு வையுங்கள். டென்வரில் ஏ.சி.யை இழுத்த ஜெனரேட்டர் 8,000 அடியில் திணறலாம்.

டென்வர்கதிர்

ஆறுமுகம் சார், அப்பா கூட இருப்பாரே. நாங்கள் மூவரும் கீசர் பார்க்கப் போகும்போது அவர் நாயோடு இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லையே?

ஆம்பியர் ஆறுமுகம்

அதைவிட நல்ல கருவி கடையில் கிடைக்காது. ஆனால் அவர் எப்போது ஓல்டு ஃபெய்த்ஃபுல் பார்ப்பார்? முறை வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பீறிடுகிறது, ஒரு முறை நீங்கள், அடுத்த முறை அவரும் பேத்தியும்.

மலைவழி

நாய் விஷயம் எனக்குத் தெரியாது, சாலை தெரியும். 28 அடி வண்டியோடு கஸ்டரில் நீடில்ஸ் ஹைவே போக நினைக்காதீர்கள். நீடில்ஸ் ஐ குகைப்பாதை சுமார் 8 அடி அகலம்தான், உங்கள் வண்டி கண்ணாடி இல்லாமலே அதைவிட அகலம். சில்வன் ஏரி பார்க்க வேண்டும் என்றால் கஸ்டர் ஊரிலிருந்து 89-ஆம் எண் சாலை, வளைவுதான், ஆனால் குகை இல்லை.

கோடிக்குப் போக பிக்ஹார்ன் மலையைத் தாண்டியாக வேண்டும். மூன்று வழி இருக்கிறது. ஜி.பி.எஸ். யு.எஸ். 14ஏ சாலையைக் காட்டினால் கேட்காதீர்கள், 10 சதவீதச் சரிவு, பிரேக் புகையும். பஃபலோ ஊரிலிருந்து டென் ஸ்லீப் வழியாகப் போகும் யு.எஸ். 16 மூன்றிலும் சாது. பாதியில் பிக்ஹார்ன் தேசியக் காட்டில் முகாம் போட்டுக்கொள்ளலாம், நாய்க்கு அனுமதி, ஜூலையில்கூடக் குளிர். டீட்டானிலிருந்து ஐடஹோ பக்கம் இறங்கும் டீட்டான் பாஸும் 10 சதவீதம்தான், நீங்கள் டென்வர் திரும்புவதால் அந்தப் பக்கம் வேலையில்லை.

அப்புறம் முக்கியம்: ஓடும் வண்டியில் நாய் சுதந்திரமாகத் திரியக்கூடாது. கூண்டை சீட் பெல்ட்டில் கட்டுங்கள். முப்பது கிலோ நாய், 60 மைல் வேகம், திடீர் பிரேக். மேசைக்கு அடியில் படுத்திருந்தது டிரைவரின் பெடலுக்கு அடியில் வந்து நிற்கும்.

பைசன்பயம்

நான் வருடாவருடம் டெலஸ்கோப்போடு யெல்லோஸ்டோனின் லமார் பள்ளத்தாக்கில் நிற்கிறவன், ஓநாய்க்காக. 1995-இல் கனடாவிலிருந்து கொண்டுவந்து விட்ட ஓநாய்களின் வம்சம். விடிகாலையில் அங்கே போகும்போது நாயைக் கொண்டுவராதீர்கள். விதி ஒரு பக்கம் இருக்கட்டும், அத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது ஒரு நாய் குரைத்தால் உங்களை யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

தூரம்: கரடி, ஓநாய், கூகர் (மலைச் சிங்கம்) என்றால் 100 கெஜம், பைசன் (அமெரிக்கக் காட்டெருமை), எல்க் (பெரிய மான்) மற்றதெல்லாம் 25 கெஜம். எல்லாரும் கரடிக்குப் பயப்படுகிறார்கள், ஆனால் யெல்லோஸ்டோனில் வேறெந்த மிருகத்தையும்விட அதிகம் பேரைக் காயப்படுத்தியது பைசன்தான். மந்தமாக மேய்வதுபோல நிற்கும், கிளம்பினால் மணிக்கு 35 மைல். வாலைத் தூக்கினால் நகர்ந்துவிடுங்கள். அதன் கண்ணுக்கு உங்கள் லேப்ரடார் ஓநாய். ஜூலை பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதிவரை இணைசேரும் பருவம், அப்போது கேட்கவே வேண்டாம். பைசன் முகாமுக்குள்ளேயே நடந்துவரும், உங்கள் வண்டிக்கும் மேசைக்கும் நடுவில் வந்து படுத்துக்கொள்ளும். நாயை உள்ளே ஏற்றிவிட்டுத் தேநீரை உள்ளேயே குடியுங்கள்.

மூஸ் (மான் இனத்திலேயே மிகப் பெரியது) இன்னும் மோசம், குறிப்பாகக் குட்டியோடு இருக்கும் தாய். ஓநாயை எதிர்த்தே பழகியதால் நாயைக் கண்டால் ஓடாது, துரத்தி வந்து முன்னங்காலால் மிதிக்கும். டீட்டானில் குரோ வான் முகாம் பக்கம் ஆற்றோர வில்லோ புதர்களில் நிறைய. அந்த முகாமில் சில இடங்களுக்கு மின் இணைப்பு உண்டு, ஆனால் விடியலிலும் அந்தியிலும் நாயைப் புதர்ப் பக்கம் கூட்டிப் போகாதீர்கள்.

கரடி விஷயத்தில் நாய் காப்பாற்றும் என்று ஒரு கூட்டம் சொல்லும். லீஷ் இல்லாத நாய் கரடியைத் துரத்திக்கொண்டு போகும், கரடி திரும்பினால் அதைக் கூட்டிக்கொண்டு நேராக உங்களிடமே ஓடிவரும். நாய்ச் சாப்பாடும், நக்கி முடித்த காலிக் கிண்ணமும்கூட அங்கே கரடித் தீனிக் கணக்குதான். வெளியே வைத்தால் அபராதம். கரடி ஸ்ப்ரே வாங்குங்கள், ஆனால் வெயிலில் டாஷ்போர்டில் வைக்காதீர்கள். 120 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போனால் டப்பா வெடிக்கக்கூடும், மூடிய வண்டியில் நாயோடு அதை நினைத்துப் பாருங்கள்.

சக்கரவீடு

பைசன்பயம் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கதிர் வழியில் கூடாரத்துக்கே இடம் தராத முகாம்கள் இருக்கின்றன. ஃபிஷிங் பிரிட்ஜ் கிரிஸ்லி கரடி நடமாட்டம் உள்ள இடம், அதனால் கெட்டிச் சுவர் உள்ள வண்டிக்கு மட்டும்தான் அனுமதி. கித்தான் விரியும் பாப்-அப் டிரெய்லருக்குக்கூட இல்லை. யெல்லோஸ்டோனுக்குள் தண்ணீர், கழிவு, மின்சாரம் மூன்றும் உள்ள முகாம் அது ஒன்றுதான். கிடைக்கவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம், தினமும் யாராவது ரத்து செய்கிறார்கள், இரவில் ஒருமுறை காலையில் ஒருமுறை தளத்தைப் பாருங்கள். இல்லையென்றால் கோடியிலிருந்து கிழக்கு வாயிலுக்குப் போகும் வழியில் ஷொஷோனி ஆற்றை ஒட்டி வனத்துறை முகாம்கள் வரிசையாக இருக்கின்றன. என்னைக் கேட்டால் நாயோடு போகிறவர்களுக்கு அதுதான் ஃபிஷிங் பிரிட்ஜைவிடச் சுகம். ஆற்றுச் சத்தம், இடைவெளி விட்ட இடங்கள். அங்கேயும் சில முகாம்களில் இதே கெட்டிச் சுவர் விதி உண்டு.

ஜூன் கடைசி என்றால் ஜூலை 4 எங்கே இருப்பீர்கள்? பட்டாசின் குணத்தைச் சொன்னீர்களே, அதனால் கேட்கிறேன்.

டென்வர்கதிர்

கணக்குப்படி கோடி.

சக்கரவீடு

ஐயோ, வேண்டாம். ஜூலை 1 முதல் 4 வரை கோடியில் ஸ்டாம்பீட் ரோடியோ, ஊரே திருவிழா, வாணவேடிக்கை, ஆர்.வி. பார்க் எல்லாம் நிரம்பி வழியும். தேசியப் பூங்காவுக்குள்ளும் தேசியக் காட்டுக்குள்ளும் வெடி வெடிக்கத் தடை. அந்த இரவு காட்டுக்குள் இருங்கள்.

வடக்கத்திமாப்பிள்ளை

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு, கனடா வாருங்கள். பான்ஃப் தேசியப் பூங்காவில் பெரும்பாலான பாதைகளில் லீஷோடு நாய் நடக்கலாம். டனல் மவுண்டன் முகாமில் ஹூக்கப் (வண்டிக்கு மின், தண்ணீர் இணைப்பு) இருக்கிறது. பக்கத்திலேயே எல்க் மேயும்.

விலங்கு டாக்டர்

வரலாம், ஆனால் திரும்புவதற்கும் காகிதம் வேண்டும். கனடாவுக்குள் நுழைய ரேபிஸ் சான்றிதழ். 2024 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்காவுக்குள் திரும்பும் நாய்க்கு மைக்ரோசிப், குறைந்தது ஆறு மாத வயது, சி.டி.சி. (அமெரிக்க நோய்த் தடுப்பு மையம்) இணையப் படிவம் நிரப்பிய ரசீது மூன்றும் தேவை. அமெரிக்காவிலேயே வளரும் நாய்க்கும் இதே விதிதான். குட்டி நாய் வைத்திருப்பவர்கள் எல்லை தாண்டும் முன் வயதைக் கணக்குப் பாருங்கள். ஊரிலிருந்து வந்த அப்பாவுக்குத் தனி விசா என்பதையும் மறக்க வேண்டாம், அது நாயைவிடச் சிக்கல்.

வர்ஜினியாவாசி

மேற்கே போக முடியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வர்ஜினியாவின் ஷெனான்டோவா தேசியப் பூங்காவில் 500 மைலுக்கு மேல் பாதை, அதில் சுமார் 20 மைல் தவிர எல்லாவற்றிலும் நாய் வரலாம். முகாம்களில் ஹூக்கப் கிடையாது, மேரீஸ் ராக் குகைப்பாதை உயரம் 12 அடி 8 அங்குலம், அதைத் தாண்டும் வண்டி என்றால் சுற்றித்தான் போக வேண்டும். மெய்ன் மாநிலத்தில் அகேடியாவும் அப்படியே தாராளம், 45 மைல் குதிரைவண்டிச் சாலைகள் இருக்கின்றன, கார் வராது, நாய்க்கு அதைவிட என்ன வேண்டும். வர்ஜினியாவுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று கிரேட் ஸ்மோக்கி பூங்காவுக்குப் போய்விடாதீர்கள், அங்கே நாய்க்கு மொத்தமே இரண்டு பாதை.

ஊர்சுற்றாதவன்

ஸ்கங்க் (நாற்றநீர் பீய்ச்சும் சிறு விலங்கு) பற்றி யாருமே சொல்லவில்லை. நாய் ஒருமுறை அதன் முன்னால் போய் நின்றால் ஆர்.வி.யைத் திருப்பிக் கொடுக்கும்போது முன்பணத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

விலங்கு டாக்டர்

போக வேண்டாம் என்றவர் இப்போது சாமான் பட்டியல் போடுகிறார், நல்லது. ஸ்கங்குக்குத் தக்காளிச்சாறு பயன்படாது. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு குவார்ட் (ஏறக்குறைய ஒரு லிட்டர்), கால் கப் பேக்கிங் சோடா, ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் சோப்பு. கலந்தவுடன் பூசி ஐந்து நிமிடத்தில் கழுவ வேண்டும், கண்ணில் படக்கூடாது. கலந்து பாட்டிலில் அடைத்து வைக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடித்துவிடும். முள்ளம்பன்றி முள் குத்தினால் நீங்களே பிடுங்க வேண்டாம், நுனியில் கொக்கி மாதிரி செதில்கள் இருக்கும், உடைந்து உள்ளே போகும். வழியில் எந்த ஊரில் கால்நடை மருத்துவமனை என்று முன்பே எழுதி வையுங்கள். கஸ்டர் பக்கம் ரேபிட் சிட்டி, அப்புறம் கோடி, ஜாக்சன். இடையில் யெல்லோஸ்டோனுக்குள் கிடையாது.

டென்வர்கதிர்

எல்லாருக்கும் நன்றி. திட்டத்தை மாற்றிவிட்டோம். கஸ்டரில் இரண்டு இரவு கூட்டியிருக்கிறேன், மிக்கெல்சன் பாதையில் அப்பாவும் பட்டாசும், சிகரத்துக்கு நாங்கள் எல்லாரும் முடிந்தவரை. பேட்லாண்ட்ஸ் இல்லை. யு.எஸ். 16 வழியாக பிக்ஹார்ன் காட்டில் ஜூலை 4. கோடியில் சாமான் வாங்க மட்டும் நிற்போம், தங்குவது ஷொஷோனி ஆற்றுப் பக்கம். ஃபிஷிங் பிரிட்ஜில் ஒரு ரத்து கிடைத்தது, நாம் கேட்ட தேதிக்கு ஒருநாள் தள்ளி, அதையே பிடித்துவிட்டேன். டீட்டானில் குரோ வான். நாய்க்கான நடை ஜாக்சன் ஊரை ஒட்டிய கேஷ் கிரீக், அது வனத்துறை நிலம் என்று பார்த்தேன். வெப்பநிலைக் கருவி ஆர்டர் போட்டாயிற்று. லீஷ் போட்ட பிறகு கதவு என்று வண்டிக் கதவின் உள்பக்கம் மகள் எழுதி ஒட்டப் போகிறாள்.

ஒரு சந்தேகம் மிச்சம். வாடகை வண்டிக்காரர் நாய் உண்டு என்றால் சுத்தம் செய்யத் தனிக்கட்டணம் என்கிறார், முடி விழாவிட்டால் திருப்பித் தருவாராம். லேப்ரடாருக்கு இது நடக்கிற காரியமா?

சக்கரவீடு

நடக்காது தம்பி. அந்தப் பணம் போனதாக எழுதிக்கொள்ளுங்கள். சோபாவுக்கும் படுக்கைக்கும் பழைய போர்வை விரியுங்கள், அது பணத்துக்காக இல்லை, உங்கள் சாப்பாட்டில் முடி விழாமல் இருக்க. கிளம்பும் முன் உள்ளே எல்லா மூலையையும் வீடியோ எடுத்து வையுங்கள். முன்பு வந்த நாயின் கீறலுக்கும் உங்களிடம் பணம் கேட்பார்கள்.